சுமந்தவன் பசி

குலமாணிக்கம் பார்சல் சர்வீஸில் வேலைக்குச் சேர்ந்தபோது அர்த்தனாரிக்குச் சட்டை கிடையாது. கம்பெனி கொடுக்கவில்லை என்று குறை சொல்ல முடியாது. அவரிடமே அப்போது உருப்படியான சட்டை ஒன்றும் இல்லை. ஐம்பத்தொன்றாம் வருஷம், ஆடி மாசம். புளியஞ்சோலையில் ஓடைக்கு இந்தப் பக்கம் ஓடு வேய்ந்த ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, டிப்போ என்று தகரத்தில் எழுதி மாட்டியிருந்தார்கள். மெட்ராஸ், சேலம், கோயமுத்தூர் என்று லாரி லாரியாகச் சரக்கு ஏற்றி இறக்கும் பெரிய கம்பெனிதான். ஆனால் கொல்லிமலை அதற்கு ஒரு மூலை. துறையூர் வரைக்கும் லாரி, அங்கிருந்து புளியஞ்சோலைக்கு மாட்டுவண்டி, அதற்கு மேலே அர்த்தனாரியின் தலை.

பொழுது கிளம்பும் முன்னே சும்மாடு கட்டி, மூட்டையை ஏற்றி, கையில் ஒரு தடியோடு கிளம்புவார். ஓடையைத் தாண்டினால் ஏற்றம். மழைக்காலத்தில் அட்டை காலில் ஏறும், குனிந்து பிடுங்க முடியாது, தலையில் சரக்கு இருக்கும். மண்ணெண்ணெய் டின், ஜவுளிக் கட்டு, கலப்பைக் கொழு, மருந்துப் பெட்டி, பள்ளிக்கூடத்துச் சிலேட்டு எல்லாம் அவர் தலை வழியாகத்தான் மலைமேல் நாடு என்று சொல்லும் ஊர்க்கூட்டங்களான பைல் நாட்டுக்கும் திண்ணனூர் நாட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. காய்ச்சல் வந்து படுத்தால் கூலி இல்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் வருத்தப்பட்டதில்லை. அதற்கு முன்னே காட்டு வேலை செய்தபோது, படுத்தாலும் கூலி இல்லை, எழுந்தாலும் கூலி நிச்சயமில்லை.

கம்பெனியும் அப்படியே இருந்துவிடவில்லை. முதலில் மழைக்குச் சரக்கை மூட எண்ணெய்த் துணி வந்தது. ஒரு வருஷம் இரண்டு மட்டக்குதிரை வாங்கி விட்டார்கள். ஒன்று ஏற்றத்தைப் பார்த்ததும் படுத்துக்கொண்டது. இன்னொன்று பாதி வழியில் வெல்லக் கூடையைப் பிரித்துத் தின்றுவிட்டது. குதிரைகளை விற்றுவிட்டு ஆட்களுக்குக் காக்கிச் சட்டை கொடுத்தார்கள். பிறகு மாசச் சம்பளம் வந்தது. படுத்தாலும் சம்பளம் உண்டு என்று டிப்போவில் சொன்ன அன்று, அர்த்தனாரி நேராக வீட்டுக்கு வந்து அவர் சம்சாரம் பொன்னம்மாளிடம் அதை இரண்டு தடவை சொன்னார். அவள் நம்பவில்லை. "படுக்கறதுக்கு எவனாச்சும் காசு குடுப்பானா? நல்லாக் கேட்டுட்டு வாங்க" என்றாள்.

ஆனால் அவருக்கு அந்த வேலையில் பெரிய விஷயம் சட்டையும் இல்லை, சம்பளமும் இல்லை. மலைமேல் கிடைத்த சோறு. எந்த ஊட்டுக்குச் சரக்குக் கொண்டுபோனாலும் அவரை உட்காரவைத்துச் சாமைச்சோறோ களியோ ஒரு துண்டு மரவள்ளிக் குச்சிக்கிழங்கோ போட்டுவிட்டுத்தான் மறுபேச்சு. மழை பொய்த்த வருஷங்களில் அவர் வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது. அவர் மலையில் சாப்பிட்டு வந்ததால் அவர் பங்கும் சேர்த்து இரண்டு பெண்பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். "மலைக்காரங்களுக்கு எம்மேல என்னமோ ஒரு பிரியம். போனதும் பாவம்னு சோத்தைப் போட்டர்றாங்க" என்பார். அந்த நன்றியில் எத்தனை கனமான மூட்டையையும் அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அறுபதாம் வருஷத்துக்குப் பிறகு மலையின் மறுபக்கத்தில், காரவள்ளியிலிருந்து மலைக்கு ரோடு போடும் வேலை நடந்தது. கூட இருந்த சுமைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கல் உடைக்கிற வேலைக்குப் போய்விட்டார்கள். டிப்போவில் மிஞ்சியது அர்த்தனாரி ஒருவர்தான். வயசு ஐம்பதை நெருங்கிவிட்டது. கழுத்தைத் திருப்ப வேண்டுமானால் உடம்பையும் சேர்த்துத் திருப்ப வேண்டியிருந்தது.

ரோடு லாரி போகிற அளவுக்கு வந்ததும், சேலத்திலிருந்து மேனேஜர் அப்பாசாமி வந்து சொன்னார். இனிமேல் மலைக்கு அந்தப் பக்கம் சேந்தமங்கலத்தில் டிப்போ. மலைக்கு லாரி போகும். ஒரு மாசம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் புளியஞ்சோலைக் கொட்டகையை மூடிவிடுவார்கள்.

"எனக்குங்க?" என்று கேட்டார் அர்த்தனாரி.

"பாக்கலாம்ப்பா. டிரைவர் இருக்கறான். அவனே எறக்கிக் குடுத்துருவான். ஹெட் ஆபீஸ்ல என்ன சொல்றாங்களோ."

அவ்வளவுதான். அர்த்தனாரிக்கு ரோட்டின் மேல் கோபம் இல்லை. அவர் கழுத்தே அதற்குச் சாட்சி. லாரி வரட்டும், நல்லதுதான், ஆனால் அதில் தனக்கும் ஒரு இடம் வேண்டும் என்று மட்டும் அவருக்கு இருந்தது. இரண்டாவது பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இந்த வயசில் புதிதாய் யார் வேலை கொடுப்பார்கள்?

பத்து நாள்கூட ஆகியிருக்காது, அப்பாசாமி மறுபடியும் வந்தார். இந்தத் தடவை உட்காரவில்லை.

"ஏப்பா, மலைமேல என்ன சொல்லி வெச்சிருக்கற?"

"என்னதுங்க?"

"ரெண்டு தடவை லாரி போச்சு. ரெண்டு தடவையும் ஏத்திக்கிட்டுப் போன சரக்கு அப்படியே திரும்பி வந்துருச்சு. ஒருத்தரும் வாங்கமாட்டேங்கறாங்க. அட்ரஸ் சரி, ஆளு சரி, ஊட்டுலதான் இருக்கறாங்க. ஆனா கைய நீட்டமாட்டேங்கறாங்க. உனக்கு வேலை போயிருங்கற பயத்துல நீதான வாங்காதீங்கன்னு சொல்லி வெச்ச?"

அர்த்தனாரி கையெடுத்துக் கும்பிட்டார். "எம் புள்ளைங்க மேல ஆணையா இல்லீங்க" என்றார்.

அப்பாசாமி கெட்ட மனுஷர் இல்லை. மாசச் சம்பளம் வரவேண்டும் என்று மேலே எழுதிக் கேட்டவரே அவர்தான். அதனால்தான் அவர் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்தது அர்த்தனாரிக்கு அதிகமாக வலித்தது.

"சரி. புதன்கிழமை நானே லாரியில போறேன். நீயும் வா. அன்னிக்கும் சரக்கு திரும்பி வந்துச்சுன்னா கம்பெனி மலையே வேண்டாம்னு விட்ரும். அப்பறம் புளியஞ்சோலையும் இல்ல, சேந்தமங்கலமும் இல்ல. உனக்கும் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

செவ்வாய்க்கிழமையே பஸ் பிடித்து அர்த்தனாரி சேந்தமங்கலம் போய்ச் சேர்ந்தார். மறுநாள் காலையில் டிரைவர் அண்ணாமலை லாரியைக் கிளப்பினான். முப்பது வயசு, வாய் ஓயாத ஆள். முன்சீட்டில் நடுவில் மேனேஜர், ஓரத்தில் அர்த்தனாரி. இத்தனை வருஷத்தில் மலைக்கு அவர் உட்கார்ந்துகொண்டு போவது அதுதான் முதல் தடவை. தலைமேல் ஒன்றும் இல்லாமல் மரங்கள் கீழே போவதைப் பார்க்க முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. வளைவுகள் வரவர வயிறு புரட்டியது. பாதி மலையில் லாரியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

"ஏனுங்ணா, நடந்தா வராத கெறக்கம் ஒக்காந்தா வருதாக்கு? வேணும்னா எறங்கி நடந்து வாங்க. நாங்க மேல போயி இருக்கறம்" என்றான் அண்ணாமலை.

"வண்டிய நேரா ஓட்டுப்பா."

"ரோடு நேரா இருந்தா நா நேரா ஓட்டமாட்டனா?"

மேனேஜர் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

திண்ணனூர் நாட்டில் முதல் ஊடு இருசாயியுடையது. ரோட்டிலிருந்து ஒரு ஒற்றையடிப் பாதையில் கொஞ்ச தூரம் இறங்க வேண்டும். இருசாயிக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும். மிளகுக் கொடியும் ஒரு துண்டுச் சாமைக் காடும் அவளுடைய சொத்து. ஒரே மகன் பட்டாளத்தில் இருந்தான். அவன் அனுப்பிய கம்பளிதான் அந்தப் பார்சலில் இருந்தது. மார்கழிக் குளிர். அவள் அதற்காகக் காத்திருந்தாள் என்பது அர்த்தனாரிக்குத் தெரியும். கடைசியாகப் பார்த்தபோது, "எம் மவன் கம்பளி அனுப்பறேன்னு சொல்லியுட்டிருக்கறான், நீங்கதான கொண்டாருவீங்க?" என்று அவள் கேட்டிருந்தாள். அப்படிப்பட்டவள் இரண்டு தடவை வாங்காமல் ஏன் திருப்பி அனுப்பினாள்?

பார்சலைத் தோளில் வைத்துக்கொண்டு அர்த்தனாரி முன்னே நடந்தார். பின்னால் மேனேஜர் பாதையில் வழுக்கி வழுக்கி வந்தார், அவருக்குப் பின்னால் அண்ணாமலை. இருசாயி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"வாங்க சொமக்காரண்ணா. நீங்க வரலியேன்னு பாத்தேன். ஒக்காருங்க, சோறு சூடா இருக்குது."

அர்த்தனாரிக்கு வயிறு இன்னும் புரண்டுகொண்டிருந்தது. மேனேஜர் வேறு கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றார். "இன்னிக்கு வேண்டாங்க, வயிறு செரியில்ல. அவசரமாப் போவோணும். இந்தாங்க, மொதல்ல இதப் புடிங்க" என்றார்.

பார்சலைத் தொட நீண்ட இருசாயியின் கை அப்படியே நின்றது. பிறகு அதை முந்தானையில் துடைத்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அப்ப கொண்டு போயிருங்க" என்றாள்.

"பாத்தியா" என்றார் மேனேஜர்.

அர்த்தனாரி பார்சலைக் கீழே வைக்கவும் இல்லை, தூக்கிக்கொள்ளவும் இல்லை. "ஏனுங்க, எம்மேல எதாச்சும் கோவமா? உங்க மவன் அனுப்புனதுங்க. வாங்காட்டி எப்படி?"

"உங்க மேல எனக்கென்ன கோவம்? சுமந்துட்டு வந்தவன் சாப்புடாம எப்படித் தொடறது?" என்றாள் அவள், இது என்ன கேள்வி என்பதுபோல. "சுமந்தவன் பசி சரக்கோட சேந்து ஊட்டுக்குள்ள வந்துரும். அப்பறம் அது போவாது. எம் மவன் போத்திக்கிட்டுப் படுக்கறதுக்கா அனுப்புனான், பசியப் போத்திக்கறதுக்கா? அன்னிக்கு வந்தாரே இந்தத் தம்பி, நின்ன எடத்துலயே நின்னுக்கிட்டு கைநாட்டு வெய்யுங்க, கைநாட்டு வெய்யுங்கன்னு. தண்ணி குடுத்தா அதுவும் வேண்டாங்கறாரு."

அண்ணாமலை தலையைச் சொறிந்தான். "எனக்கென்னங்க தெரியும்? ஊட்டுக்கு ஊடு ஒக்காந்து சாப்புட்டா வண்டிய எப்பக் கீழ எறக்கறது?"

"அம்மா, இப்பத்தான் யாரும் சொமக்கறதில்லையே. லாரிதான சொமந்துட்டு வருது?" என்றார் மேனேஜர், பொறுமையாக.

"லாரிய ஓட்டிட்டு வந்தவருக்கு வயிறு இல்லீங்களா சாமி?"

மேனேஜர் அண்ணாமலையைத் திரும்பிப் பார்த்தார். அண்ணாமலை மெதுவாக, "லாரிக்கும் ஒரு உருண்டை உருட்டிக் குடுங்க, பானெட்ல வெச்சுக்கறேன்" என்றான். இருசாயிகூடச் சிரித்துவிட்டாள். ஆனால் கையை நீட்டவில்லை.

அவள் மாமியார் காலத்துக்கு முன்னே, கீழ்நாட்டிலிருந்து உப்பு சுமந்து வந்த ஒருவன் சுமையை இறக்கிவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பும்போது பாதையில் விழுந்து செத்துப்போனானாம். அந்த உப்பு போன ஊடுகள் ஒன்றிலும் அந்த வருஷம் விளைச்சல் இல்லையாம். அன்றைக்கு மூன்று நாட்டுப் பெரியவர்களும் கூடி வைத்த முறை. இருசாயி இதைப் பெரிய கதையாகச் சொல்லவில்லை. இது தெரியாமலா இத்தனை வருஷம் வந்து போனீர்கள் என்று அர்த்தனாரியைத்தான் பார்த்தாள்.

அர்த்தனாரிக்கு நிஜமாகவே தெரியாது. அவர் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சொன்னால்தானே முறை இருப்பது தெரியும்? ஒரு பக்கம் மேனேஜர் தன்னைப் பற்றி நினைத்தது பொய் என்று ஆகிவிட்டதில் நெஞ்சு லேசாகியது. இன்னொரு பக்கம் என்னவோ குத்தியது.

"அப்ப இத்தன வருசமும் எம்மேல பிரியத்துல போடலீங்களா? நா பாவம்னு போடறீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"பாவமா? உங்களயா?" இருசாயி இடுப்பில் கையை வைத்தாள். "ஒரு தடவ எம் மண்ணெண்ண டின்ன ஓடையில போட்டுட்டு பாதிதான் கொண்டாந்தீங்க. அன்னிக்கு எனக்கு இருந்த ஆத்திரத்துக்குப் பிரியத்துல போடறதா இருந்தா உங்களுக்குப் பச்சத்தண்ணி கெடச்சிருக்காது. மொறைன்னு ஒண்ணு இருந்ததால போட்டேன். பிரியத்த நம்பிக்கிட்டு எந்தச் சொமக்காரன் மல ஏறுவான்?"

அர்த்தனாரி மழை பொய்த்த வருஷங்களை நினைத்தார். அந்த வருஷங்களில் மலையிலும் சாமை விளையவில்லை. யார் ஊட்டிலும் பானை நிறைந்திருக்காது. அப்போதும் ஒரு நாள் தவறாமல் தனக்கு முன்னால் இலை விழுந்ததை நினைத்தபோது, அது தன் முகத்தைப் பார்த்து விழுந்த இலை இல்லை, யார் வந்திருந்தாலும் விழுந்திருக்கும் என்பது அவருக்குக் குறைவாகத் தெரியவில்லை. அதிகமாகத்தான் தெரிந்தது. அப்படியே கீழே உட்கார்ந்தார்.

"போடுங்க."

"வயிறு செரியில்லைன்னீங்க?"

"அது செரியாயிருச்சுங்க."

இலை போட்டு, சாமைச்சோற்றை வைத்து, இருசாயி ஒரு சட்டியை எடுத்து வந்தாள். அவரைக்கொட்டைக் குழம்பு. அதை ஊற்றும்போது அவரைப் பார்க்காமல் சொன்னாள்: "மொறைக்கு ஒரு கை சோறும் உப்பும் போதும். கொழம்பு மொறையில இல்லீங்க."

அர்த்தனாரி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

அவர் கை கழுவியதும் இருசாயி பார்சலைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். பச்சைக் கம்பளி. வெயில் ஏறியிருந்த நேரத்திலும் அதைத் தோளோடு போர்த்திக்கொண்டு, "அவன் வாசமே இல்ல, வெறும் பாச்சை உருண்ட வாசம்" என்று குறைப்பட்டுக்கொண்டே அதைக் கழற்றாமல் நின்றாள். மேனேஜர் நீட்டிய காகிதத்தில் கட்டைவிரலை அழுத்தி வைத்தாள்.

அடுத்த ஊட்டில் களி. அதற்கடுத்ததில் வேகவைத்த குச்சிக்கிழங்கு. நடந்து ஏறியபோது ஒவ்வொரு ஊட்டிலும் அவருக்கு ஒரு பசி இருந்தது. லாரியில் உட்கார்ந்து வந்தவருக்கு இரண்டாவது ஊட்டோடு வயிறு நிறைந்துவிட்டது. பைல் நாட்டில் வெள்ளையன் என்ற கிழங்குக்காரர் ஊட்டுக்குப் போகும்போது அர்த்தனாரி மூச்சு வாங்கினார். வெள்ளையனுக்கு ஒரு கொழுவும் இரண்டு மண்வெட்டியும் வந்திருந்தன.

"ஒரு வாய் போதுங்களா?" என்று கேட்டார் அர்த்தனாரி.

"ஒரு வாயின்னாலும் பசியாறிச் சாப்புடோணும். மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுத் திங்கறது கணக்குல வராது" என்றார் வெள்ளையன். அவர் குரலில் விட்டுக்கொடுக்கிற எண்ணமே இல்லை.

"கூட வந்தவங்க சாப்புட்டா ஆவாதுங்களா?"

வெள்ளையன் யோசித்தார். மூவரையும் மேலும் கீழும் பார்த்தார். "அந்தக் கடிகாரக்காரரு சாப்புடட்டும். பாத்தாலே பசி தெரியுது."

அப்பாசாமி ஹோட்டலில்கூட ஆர அமரச் சாப்பிடாத மனுஷர். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். தினைமாவும் தேனும் மலைவாழைப் பழமும் வந்தன. முதலில் ஓரமாகக் கிள்ளித் தின்றார். பிறகு கேட்டு வாங்கித் தின்றார். வெள்ளையன் திருப்தியாகக் கொழுவை எடுத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் லாரியில் ஒரு பார்சல் மிச்சமில்லை.

லாரிக்குப் பக்கத்தில் நின்று மேனேஜர் கைநாட்டுக் காகிதங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு அர்த்தனாரியிடம் வந்தார். "அன்னிக்கு நான் சொன்னத மனசுல வெச்சுக்காத."

"அது போச்சுங்க."

"டிரைவரு ஓட்டட்டும். ரோட்டுல இருந்து ஊட்டுக்குக் கொண்டுபோயிக் குடுக்கற வேலை உன்னது. ஆனா ஹெட் ஆபீஸ்ல இத என்னன்னு சொல்றது? சாப்புடறதுக்கு ஒரு ஆளு வேணும்னு சொன்னா என்னைய மொதல்ல ஊட்டுக்கு அனுப்பிருவாங்க."

"மலை டெலிவரிக்குத் தனி ஆளுன்னு சொல்லுங்க சார். வயிறு எத்தன பெருசுன்னு அவங்க கேக்கவா போறாங்க?" என்றான் அண்ணாமலை.

அதற்கப்புறம் அர்த்தனாரி பல வருஷம் அந்த வேலையில் இருந்தார். ஊட்டுக்கு ஒரு கை சோறும் உப்பும் என்று வெள்ளையனோடும் மற்றவர்களோடும் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அறுபத்தாறாம் வருஷம் வாரம் ஒரு நாள் லீவு வந்தது. அதற்கப்புறம் கழுத்துக்குக் கம்பெனி செலவில் சேலம் பெரியாஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தார்கள், பாதிக்கு மேல் திரும்பியது. பழைய மாதிரியே இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. தலைச்சுமை தூக்கினவன் அப்படிச் சொல்லமாட்டான்.

அன்றைக்கு இறங்கும்போது லாரியில் மூன்று பேருக்கும் இடம் போதவில்லை, வயிறு அப்படி. முதல் வளைவு தாண்டியதும் மேனேஜர் கண் சொருகியபடியே சொன்னார். "திங்கக்கெழம வந்துரு. சம்சாரத்தையும் புள்ளையையும் கூட்டிக்க. சேந்தமங்கலம் டிப்போவுக்குப் பின்னால ஒரு ரூம் காலியாத்தான் கெடக்குது."

அர்த்தனாரி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். "நீங்க நல்லா இருக்கோணுங்க" என்று ஆரம்பித்துத் திரும்பிப் பார்த்தபோது, மேனேஜர் தூங்கிவிட்டிருந்தார். அடுத்த வளைவில் அவர் தலை சரிந்து அர்த்தனாரியின் தோளில் சாய்ந்தது. வாயில் தேன் வாசம்.

"எழுப்பட்டுங்களா?" என்றான் அண்ணாமலை.

"வேண்டாம்ப்பா, தூங்கட்டும்" என்றார் அர்த்தனாரி. "நீ மெதுவா ஓட்டு."

வயிறு மறுபடியும் புரட்டத் தொடங்கியிருந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, கீழே சேந்தமங்கலத்து விளக்குகள் ஒன்றிரண்டாகத் தெரியும் வரைக்கும் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.